ஐந்து வயதுக்கு அளவான ஒரு கெட்ட வார்த்தை

திருப்பதி, கொர்லகுண்டா
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

அன்புள்ள மகன் மோகன்ராஜுக்கு, உன் நைனா தங்கவேலு சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே நீயும் அலர்மேலும் பேத்தி நந்திதாவும் உன் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசுக்கு ஆறுதல்.

கொரோனாவில் ஊர் அடங்கி, மலைமேல் பெருமாளே ஆளில்லாமல் தனியாக நின்று, ஊர் அம்மன் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு ஊரே வேஷம் கட்டாமல் உட்கார்ந்திருந்த வருஷம், நகரித் தோட்டத்தில் மோட்டார் கிணற்றுக்குள் விழுந்து அதை எடுக்க ஆள் கிடைக்காத வருஷம், உன் அம்மா அம்சவேணி போய் ஐந்தாவது மாசம், ஒரு வெள்ளிக்கிழமை உன் மகள் பிறந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறதி கட்டுப்படியாகாது, அதனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி இந்த மே மாசம் அவளுக்கு ஐந்து நிறைந்தது, அந்தப் பிறந்த நாளில் நடந்ததைப் பற்றித்தான் நீ போனில் சத்தம் போட்டாய். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா உனக்கு எழுதி அனுப்பினாளாம், பிள்ளை வகுப்பில் திட்டுகிறாள் என்று. இனிமேல் பிள்ளையைத் திருப்பதிக்கு அனுப்புவதாக இல்லை நைனா என்று நீ சொன்னாய், நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. கடிதத்துக்கு மீட்டிங் வராது, அதனால் கடிதம். உன் அக்காள் பிரமிளாவிடம் எழுதச் சொன்னால் நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு மீதிக்குச் சர்க்கரை போட்டு எழுதுவாள், அவள் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்துதான் தெரியும், ஆகவே மாடியில் குடியிருக்கிற அருள்குமாரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். திண்டிவனத்துப் பையன், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, இன்றைக்கு அவனுக்கு வார லீவு. அந்தப் பிறந்த நாள் கூத்தை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினவனும் இவன்தான். இந்த வரியை எழுத மாட்டேன் என்றான், எழுத வைத்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் பெண்டாட்டி அலர்மேல் பிள்ளையோடு வந்து இறங்கின அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, மாமா, பாப்பா பிறந்த நாளுக்கு யாரும் எதுவும் வாங்கக் கூடாது, ஒரு ரிப்பன்கூட வேண்டாம், அங்கே வீட்டில் கால் வைக்க இடமில்லை, பெட்டியிலும் எடை நிரம்பிவிட்டது என்று கண்டிப்பாகச் சொன்னாள். நந்திதாவே போனில் இருந்த படத்தில் தன் அறையைக் காட்டினாள். மூன்று சைக்கிள், அதில் ஒன்றுக்குச் சக்கரம் மூன்று, ஒன்றுக்கு மிதிக்கிற கட்டையே இல்லை. ஒரு சமையல் அடுப்பு, அது பிரமிளா வீட்டு அடுப்பைவிட நல்ல அடுப்பு. பொம்மைகளுக்கு என்று ஓர் ஆஸ்பத்திரி, அந்தப் பொம்மைகளுக்கு நோய் எதுவும் இல்லை. படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறானே பஸில், அது மட்டும் நாற்பது பெட்டி, எல்லாப் பெட்டியிலும் ஒரு துண்டு தொலைந்து போயிருக்கிறது. இதையெல்லாம் பார்த்தபிறகு அலர்மேல் சொல்வது நியாயம் என்று எனக்கே பட்டது. ஆனால் பிள்ளை பிறந்த நாளுக்கு வெறுங்கையோடு நிற்க நம் பக்கத்தில் யாருக்கு மனசு வரும் சொல். அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணில் காட்டுகிற பிள்ளை.

ஆக, எடையில்லாத, இடம் அடைக்காத, விமான நிலையத்து மெஷினில் தெரியாத ஒரு பரிசு வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் கூடினோம். நான், நகரியிலிருந்து வந்திருந்த உன் சித்தப்பன் நாகேந்திரன், அடுத்த வீட்டு ரங்கையா மாமா. மூன்று பேர் வயசையும் கூட்டினால் இருநூற்று முப்பது. நாகேந்திரன் ஒரு கன்றுக்குட்டி என்றான், அது நகரியிலேயே இருக்கட்டும், நான் வளர்க்கிறேன், பெயர் மட்டும் பாப்பாவுடையது என்றான். அப்படியென்றால் அது உனக்குக் கொடுக்கிற பரிசுதானே என்று ரங்கையா கேட்டான். ரங்கையா தன் பங்குக்குக் காளஹஸ்தியில் பிள்ளை பெயருக்கு ஒரு நாள் பூஜை எழுதிவைக்கலாம் என்றான், அதைப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது என்று நாகேந்திரன் மடக்கினான். பலூன் என்றேன் நான், அது பிளாஸ்டிக்கு வகை, அலர்மேல் விடமாட்டாள். டீ ஆறிப்போனது. கடைசியில் ரங்கையாதான், இவளிடம் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது, என்ன இல்லை என்று அவளையே கேட்டுவிடலாம் என்றான்.

வீட்டுக்கு வந்து கேட்டோம். நந்திதா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள், விரலை விட்டு எண்ணினாள், பிறகு என் காதருகே வந்து, "தாத்தா, எங்கிட்ட ஒரு கெட்ட வார்த்தைகூட இல்ல" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் சுவர் முழுக்க நல்ல வார்த்தைதான் ஒட்டியிருக்கிறார்களாம். பக்கத்து நாற்காலிப் பையனிடம் மட்டும் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறதாம், அவன் அண்ணன் கொடுத்தது, இவளுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்கிறானாம். சொல்லும்போது உதடு துடித்தது, மோகன். நாற்பது பெட்டி பஸில் வைத்திருக்கிற பிள்ளை ஒரு சின்ன வார்த்தைக்கு ஏங்கிப்போய் நிற்கிறதே என்று அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதோடு பார், எடை கிடையாது, இடம் வேண்டாம், எந்த மெஷினும் கண்டுபிடிக்காது. அலர்மேல் போட்ட உத்தரவில் ஒன்றைக்கூட மீறாத பரிசு அது. இப்போது நினைத்தாலும் அந்த நியாயத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

மறுநாள் மறுபடி டீக்கடை, அவளுக்கு எந்தக் கெட்ட வார்த்தையைக் கொடுப்பது என்று. புடவைக்கடையில் பொம்பளைகள் எடுத்துப் பிரித்துப் பார்த்துத் தள்ளுவார்களே அந்த மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தாயை இழுக்கிற வார்த்தைகள் எல்லாம் முதலிலேயே போயின, எல்லோருக்கும் தாய் உண்டு. சாதியைச் சொல்லுகிற வார்த்தைகள் வேண்டாம் என்றேன் நான், ரங்கையா தலையாட்டினான், நாங்கள் இரண்டு பேருமே அதை வாங்கியும் இருக்கிறோம் கொடுத்தும் இருக்கிறோம். குருடு நொண்டி என்று வருகிறவற்றை என் முழங்காலைப் பார்த்துத் தள்ளினார்கள். மிருகங்களுக்கு வந்தோம். எருமை என்றதும் நாகேந்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது, அவன் மூன்று எருமை வைத்துக்கொண்டு அதில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தான். பன்றி என்றேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது, மேலே வராகசாமியைக் கும்பிட்ட பிறகுதானே பெருமாளையே பார்க்கிறோம் என்று ரங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். குரங்கு, அது ஆஞ்சநேயர். நாய், அது பைரவர். கழுதை மட்டும் மிஞ்சியது, கழுதை என்ன தப்புச் செய்தது என்று டீக்கடைக்காரர் கேட்டார், அதையும் தள்ளினோம். சனியன் என்றால் அது சனீஸ்வரர், அப்புறம் கிரக தோஷம் கழிக்கக் காளஹஸ்தி பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. இத்தனை வருஷம் மூன்று வாயில் புழங்கின சரக்கில் ஒரு பிள்ளை கையில் கொடுக்கிற மாதிரி யோக்கியமான கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வழியில்தான் ரங்கையா நடுரோட்டில் நின்றான். பிறந்த நாள் வியாழக்கிழமை, அன்றைக்குப் பண்டவேஷம் என்றான். உனக்கு மறந்திருந்தாலும் மறந்திருக்கும், ஜாத்திரை வாரத்தில் நாளுக்கு ஒரு வேஷம், அதில் பண்டவேஷத்து அன்றைக்கு முகமெல்லாம் குங்குமம் அப்பி மைப்பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும், கங்கம்மாவையும் சேர்த்து, வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டினவனுக்குப் பாவம் கிடையாது, திட்டு வாங்கினவனுக்கு நல்லது நடக்கும். நானும் ரங்கையாவும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சேர்ந்து வேஷம் கட்டினவர்கள், ஒரு தடவை போலீஸ் ஏட்டு ஒருத்தரைத் திட்டினதற்கு அவர் எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். நாம் வார்த்தை கொடுக்க வேண்டாம், வேஷத்தைக் கொடுப்போம், வார்த்தையை அம்மாவே கொடுப்பாள் என்று ரங்கையா சொன்னான். அலர்மேல் விசா ஆபீஸில் கொடுத்த தேதிக்காக மெட்ராஸ் போயிருந்தாள், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து கேக் வெட்டுவதாக ஏற்பாடு. பிரமிளா இப்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்பாள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்தது யார் என்று அவளைக் கேள்.

காலையில் வேஷம் கட்டி, கையில் வேப்பிலை கொடுத்து, வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் நிற்க வைத்தோம். பிள்ளைக்கு வாய் வரவில்லை. தெருவில் போன ஒருத்தரைப் பார்த்து எக்ஸ்கியூஸ் மீ என்றாள். எனக்கு மானம் போயிற்று. முதலில் என்னைத் திட்டு என்று எதிரில் போய் நின்றேன், ரங்கையா பக்கத்தில் குனிந்து, "மொதல்ல டேய் சொல்லும்மா, மத்தது தன்னால வந்துக்கும்" என்றான். என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். வேப்பிலையை நீட்டினாள். "டேய் தாத்தா. நீ ஒரு ஈர சாக்ஸ்" என்றாள்.

நான் பிறந்ததிலிருந்து சாக்ஸ் போட்டதில்லை. அங்கே உங்கள் ஊரில் பனி உருகுகிற மாசத்தில் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து சாக்ஸ் நனைந்துவிட்டால் அவளுக்கு உலகத்தில் அதைவிட வேதனை கிடையாது என்பதை அலர்மேல் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அந்த நேரத்தில் யாருக்கும் அர்த்தம் புரியவில்லை, புரியாததால் மிகப் பெரிய திட்டு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ரங்கையா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "ஒரேய் தங்கவேலு, இத்தினி வருஷத்துல இப்டி ஒரு திட்டு நான் கேட்டதில்லடா, குடுத்து வெச்சவன்டா நீ" என்றான். அவ்வளவுதான், மோகன், கால் மணி நேரத்தில் வாசலில் லைன் நின்றுவிட்டது. சிலிண்டர் போடுகிறவர், பால்காரம்மா, மாவு மில்லுக்காரர், தெருக்கோடியில் குடியிருக்கிற பாங்கு ஆபீஸர் புருஷோத்தமன், எல்லோரும் வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு திட்டு வாங்க வந்து நிற்கிறார்கள். பிள்ளைக்கு அருள் வந்த மாதிரி ஆகிவிட்டது. சிலிண்டர்காரரை உடைந்த கிரேயான் என்றாள். பால்காரம்மாவைப் பொம்மைக்குப் போட்ட ஊசி என்றாள். புருஷோத்தமனை வெயிலில் காய்ந்த சறுக்குமரம் என்றாள், அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவளிடம் குவிந்து கிடக்கிற சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக அன்றைக்குத் திட்டாக வெளியே வந்தது, நீ வாங்கிக் கொடுத்த எதுவும் வீணில்லை. மாவு மில்லுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் மட்டும் சண்டை வந்துவிட்டது. அண்ணனுக்குச் சக்கரம் கழன்ற சைக்கிள் கிடைத்தது, தம்பிக்கு வெறும் பெல்தான். எனக்கு மட்டும் ஏன் சின்னதாகக் கொடுத்தாய் பாப்பா என்று அந்த மனுஷன் கெஞ்சுகிறார், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பாவும் இப்படித்தான் பங்கு பிரித்தார் என்று நடுத்தெருவில் ஆரம்பித்துவிட்டார்.

ரங்கையாவை மட்டும் அவள் திட்டவில்லை. தினம் அவளுக்குக் கமர்கட்டு வாங்கிக் கொடுக்கிறவன், திட்ட மனசு வரவில்லை போலிருக்கிறது. அவன் மறுபடி கடைசியில் போய் நின்றான், மறுபடி திட்டாமல் அனுப்பினாள். மூன்றாம் தடவை வந்து நின்றபோது எண்பது வயசு ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது, "எனக்கு மட்டும் இல்லையா தல்லி, என் தாயே" என்றான். அவள் ஸ்டூலை விட்டு இறங்கி வந்து அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "டேய் ரங்கையா, நீ ஒரு தொலஞ்சுபோன பஸில் துண்டு" என்றாள். அவன் அன்றைக்கு மத்தியானம் சோறு துன்ன வீட்டுக்குப் போகவே இல்லை, தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சாயங்காலம் அலர்மேல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் விசா காகிதம், வாசலில் கூட்டம், ஸ்டூல்மேல் சிவப்பாக ஒரு பிள்ளை. முண்டிக்கொண்டு வந்தவளை ஒரு பொம்பளை தடுத்து, "லைன்ல வாம்மா, நாங்கல்லாம் நின்னுக்கினு தான கீறோம்" என்றாள். இது என் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம், லைனில் போய் நின்றாள். நான் பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் முறை வந்ததும் பிள்ளை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வேஷம் கலையாமல் வேப்பிலையை நீட்டி, "டேய் அம்மா. நீ ஒரு மீட்டிங்" என்றாள். எல்லோரும் பலே என்றார்கள். அலர்மேலும் எல்லோரையும்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கேக்கை எடுத்து வைத்தாள். கேக் வெட்டும்போது அவள் போன் மூன்று தடவை அடித்தது, எடுக்கவில்லை. இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன். அந்த மூன்றில் ஒன்று நீயாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இப்போது உன் டீச்சரம்மா விஷயம். என் பேரில் ஒரு தப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு நாளைக்கு மட்டும் என்று பிள்ளையிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை. கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குகிறார்களா என்ன என்று அவள் நினைத்திருப்பாள். ஆனால் டீச்சரம்மாவிடம் நீ ஒன்று சொல்லலாம், ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கட்டும். பாங்கு புருஷோத்தமன் நான்கு வருஷமாகச் சொந்த ஊர் நெல்லூருக்கு மாற்றல் கேட்டுக் கிடைக்காமல் இருந்தவர், திட்டு வாங்கிப் பத்தொன்பதாம் நாள் ஆர்டர் வந்துவிட்டது. போகிறபோது வீட்டுக்கு வந்து பாப்பாவுக்கு என்று ஒரு பெரிய பொம்மை கொடுத்தார், அலர்மேல் உத்தரவைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவரைப் பார்த்துவிட்டு ஆள் மாற்றி ஆள் வந்து பாப்பா அடுத்து எப்போது வருகிறாள் என்று கேட்கிறார்கள். மாவு மில்லுத் தம்பி போனிலாவது ஒரு பெரிய திட்டாகத் திட்டச் சொல்லுங்கள் என்றார், வேஷமில்லாமல் பலிக்காது என்று சொல்லிவிட்டேன். நீ அனுப்ப மாட்டேன் என்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சேதி, இதைப் போனில் பிரமிளா உனக்கு ஒரு வரியில் சொன்னாள். ரங்கையா ஆடி முதல் வெள்ளிக்கிழமை போய்விட்டான். காய்ச்சல்கூட இல்லை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவன் அப்படியே சாய்ந்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அருள்குமாரிடம் பஸில் என்றால் என்ன என்று போனில் படம் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தான். ஒரு துண்டு தொலைந்தால் வேறு துண்டு வைத்து ஒப்பேற்ற முடியாதா என்று கேட்டான், முடியாது என்றான் இவன். அப்படியா, சரியான திட்டு என்று திருப்தியாகத் தலையாட்டினான். நந்திதாவிடம் இப்போது சொல்லாதே, சொல்வதென்றால் இங்கே கூட்டிக்கொண்டு வந்து சொல்.

தோட்டத்தில் இந்த வருஷம் தோத்தாபுரி மாங்காயைச் சீண்ட ஆள் இல்லை, அறுக்காமலே விட்டோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. பிரமிளாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ குனிந்து பனி வாருவதை விடு, இடுப்பை நிமிர்த்தி மண்வெட்டி பிடிக்க நான் நகரியில் சொல்லிக் கொடுத்தது மறந்துபோனதா. நீயும் அலர்மேலும் பிள்ளையும் ஏழுமலையான் புண்ணியத்தில் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, வருகிற ஜாத்திரைக்குச் சாட்டு போட்டு ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னாலேயே பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடு. பெட்டி காலியாக வரட்டும், காலியாகவே போகட்டும், யாரும் ஒரு ரிப்பன்கூட வாங்க மாட்டோம். நீயும் வா. உனக்கும் அவள் ஒன்று எடுத்து வைத்திருப்பாள், லைனில் நின்று வாங்கிக்கொள்.

அனுப்ப மாட்டேன் என்று நீ சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் பார். என்னை டேய் என்று கூப்பிட்டவர்களை நான் விரல் விட்டுச் சொல்வேன். என் அப்பன், அவர் போனது நீ நடை பழகின வருஷம். என் அக்காள் கங்கம்மாள், ஸ்வர்ணமுகி ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் போன வருஷம் போனாள். உன் அம்மா ஒரே ஒரு தடவை, சந்தைக்குப் போன நான் உன்னை அங்கேயே மறந்து விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அவளும் இல்லை. அப்புறம் ரங்கையா. நாகேந்திரன் என்ன கோபம் வந்தாலும் அண்ணா என்பான், பிரமிளா கத்தினாலும் நைனாதான், நீயும் அன்றைக்குப் போனில் நைனா என்று ஆரம்பித்து நைனா என்றுதான் முடித்தாய். மரியாதைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை, வீடு நிறைய இருக்கிறது. ஆனால் எதிரில் வந்து நின்று டேய் போட்டு என்னைத் திட்ட இந்தப் பூமியில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஓர் ஆள்தான், நந்திதா.

இப்படிக்கு,
ஈர சாக்ஸ்,
உன் நைனா தங்கவேலு (இடது கைப் பெருவிரல் ரேகை)